மேஸ்திரிக்கு நான் கொடுத்த நற்சான்று

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "பரம சாது. யார் வேண்டுமானாலும் கிட்டே போகலாம்" என்று என் கைப்பட எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்த ஒரு நாய்க்குப் பயந்து, நான் ஒரு வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேடையின்மேல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மேடை ஆறடி உயரம். எனக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து. முழங்கால் வலி வேறு. எப்படி ஏறினேன் என்று எனக்கும் தெரியாது. "படியே இல்லியேங்க, எப்பிடி மேல போனீங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை.

போன மாதம் பழைய சிநேகிதர்களைப் பார்க்க நான் வேலை செய்த மருந்தகத்துக்குப் போயிருந்தேன். இப்போது அங்கே இருக்கும் உதவியாளர்கள் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார்கள். 'வீடு மாறுகிறோம், நான்கு வயதுக் காவல் நாய், அன்பானவர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. நாய் அரை நிமிடம் பந்து பொறுக்கியது. அதற்குள் கீழே பதினோரு பேர் 'எனக்கு, எனக்கு' என்று போட்டிருந்தார்கள். "அண்ணா, நீங்கல்லாம் எப்பிடி பாத்து குடுத்தீங்க? எழுதிக் குடுங்களேன்" என்றார்கள். எப்படிப் பார்க்கக் கூடாது என்பதில் இந்த மாவட்டத்திலேயே என்னைவிட அனுபவசாலி கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கால்நடை மருந்தகத்தில் நான் பராமரிப்பு உதவியாளராக இருந்தேன். ஊரில் என்னைக் 'கம்பவுண்டர்' என்பார்கள். மாடு பிழைத்துவிட்டால் 'மாட்டு டாக்டர்' என்பார்கள். பிழைக்காவிட்டால் அதே கம்பவுண்டர்தான். பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. மாடு உதைத்தது, ஆடு முட்டியது, ஒரு வான்கோழி என்னைச் சந்து முழுக்கத் துரத்தியது. எல்லாரிடமும் வாங்கி முடித்தபிறகு வேலையை நிரந்தரமாக்கினார்கள்.

எனக்கு வாய்த்த மேலதிகாரி டாக்டர் மங்கையர்க்கரசி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வாரத்துக்கு இத்தனை வார்த்தை என்று ரேஷன் அட்டை வைத்திருப்பவர் போலப் பேசுவார். நானோ ரேஷன் கடையே என்னுடையது என்பதுபோலப் பேசுவேன். பத்து வருடம் ஒரே அறையில் இருந்தோம். அவருடைய மிச்ச வார்த்தைகளையும் சேர்த்து நான்தான் செலவு செய்தேன் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கம் பட்டு நூல் கடை, அரிசி ஆலை, செங்கல் சூளை எல்லாவற்றுக்கும் காவல் நாய் உண்டு. முதலாளி இடம் மாறினால் நாய் கை மாறும். அப்படிக் கை மாறும் வளர்ந்த நாயை நாங்கள் பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று மேடம் ஒரு வழக்கத்தை உண்டாக்கியிருந்தார். அரசாணை எதுவும் கிடையாது. மேடம் சொன்னார், ஊர் கேட்டது.

அவர் நாய் பார்க்கும் விதமே தனி. ஒரு முக்காலியை எடுத்துப்போய் நாய்க்கு எட்டாத தூரத்தில் போட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்துவிடுவார். கூப்பிட மாட்டார், 'ச்சூ ச்சூ' என்று கொஞ்ச மாட்டார், திரும்பியும் பார்க்க மாட்டார். பத்து நிமிடமோ இருபது நிமிடமோ, நாய் தானாக அடங்கும்வரை படித்துக்கொண்டிருப்பார். அடுத்து, வளர்த்தவரைத் தெருமுனைக்கு அனுப்பிவிடுவார். வளர்த்தவர் எதிரில் இருக்கும்போது நாய் அவர் முகத்தைப் பார்த்து நடந்துகொள்ளும். அவர் தலை மறைந்தபிறகு என்ன செய்கிறது என்பதுதான் அவருக்கு வேண்டும். பிறகு சாப்பாட்டுத் தட்டைத் துடைப்பக் கட்டையால் மெல்ல நகர்த்துவார். பத்தடி தள்ளிக் குடையை விரிப்பார். ஹெல்மெட் போட்ட ஓர் ஆளை நடக்கவிடுவார். அந்த ஆள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நாய் குரைக்கிறதா என்று மேடம் கவலைப்பட்டதே இல்லை. குரைப்பு நின்று, வாய் மூடி, உடம்பு மரக்கட்டைபோல விறைக்கிறதா என்றுதான் பார்ப்பார். விறைத்தால் என்னிடம் ஒரே வார்த்தை: "நில்லுங்க." நான் நிற்பேன். அந்த ஒரு வார்த்தையால்தான் இன்றைக்கும் எனக்குக் கெண்டைக்கால் சதை இரண்டு பக்கமும் முழுசாக இருக்கிறது.

ஓர் அரிசி ஆலை நாய், கன்றுக்குட்டி அளவு. லாரிக்காரர்களே கேட்டுக்கு வெளியே நின்று ஹாரன் அடிப்பார்கள். மேடம் முதுகைக் காட்டி உட்கார்ந்து கால் மணி நேரத்தில் அது சங்கிலி எட்டிய தூரத்துக்கு வந்து, படுத்து, பெருமூச்சு விட்டது. அடுத்த வாரம் மேடத்தின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நின்றது. அவர் பக்கத்தைப் புரட்டினார், அவ்வளவுதான். கலசப்பாக்கத்தில் ஒரு வாத்தியார் வீட்டில் அது கடைசிவரை ராஜாவாக இருந்தது. இன்னொன்று, பஞ்சு மூட்டைபோல வெள்ளை நாய். "எங்க வூட்டுக் கொழந்தைங்க" என்றார் அதை வளர்த்த அம்மா. அவர் தெருமுனை தாண்டியதும் குழந்தை என் பேண்ட்டைப் பாகம் பிரித்தது. ஒரு கால் அதற்கு, ஒரு கால் எனக்கு.

மேடத்துக்கு ஒரு விதி உண்டு. எந்த நாயையும் மூன்று தடவை பார்க்க வேண்டும். மூன்றும் வேறு வேறு நேரம். அதில் ஒரு தடவையாவது நாய்க்குப் பழக்கமில்லாத இடமாக இருக்க வேண்டும். இதை விளக்கமாகச் சொல்லமாட்டார். மூன்று விரலைக் காட்டுவார்.

அவர் பயிற்சி வகுப்புக்காகப் பத்து நாள் வெளியூர் போன சமயத்தில்தான் மேஸ்திரியின் விஷயம் வந்தது.

சம்பத் என்பவர் விசைத்தறி செட், அதாவது தறிக் கொட்டகை, வைத்திருந்தார், பன்னிரண்டு தறி. தொழில் பெருத்து, வந்தவாசி சாலையில் பெரிய செட் கட்டிவிட்டார். புது இடத்தில் மூலைக்கு மூலை கேமரா. கூட்டாளிக்கு நாய் என்றால் அலர்ஜி. பழைய செட்டின் நாய்க்கு ஐந்து வயது. நாட்டு நாயோடு ஏதோ சீமை நாய் கலந்த கலவை. பழுப்பு உடம்பு, கறுத்த முகம். தறிகளுக்கு நடுவே நடந்துபோய் ஒவ்வோர் ஆள் பக்கத்திலும் நின்று, வேலையைப் பார்த்துவிட்டு, திருப்தி இல்லாத முகத்தோடு அடுத்த தறிக்குப் போகும். அதனால் அதற்கு மேஸ்திரி என்று பெயர்.

மேஸ்திரியை இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் கல் குவாரிக்காரர். வெயிலோ மழையோ, குவாரி வாசலில் சங்கிலியில் கட்டிவைப்பார். அவிழ்ப்பது என்ற பேச்சே கிடையாது. இன்னொருவர் சரளா, ரவிக்கை தைப்பவர். ஊர் ஓரத்துப் புது மனையில் வீடு, கணவருக்கு லாரி ஓட்டும் வேலை. கல்யாணப் பெண்களின் பட்டுப்புடவை எல்லாம் அவர் பீரோவில் இருக்கும். ஒரு மத்தியானம் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போன நேரத்தில் பின்கதவை நெம்பி இரண்டு முகூர்த்தப் புடவைகளைத் தூக்கிப்போயிருந்தார்கள்.

"சார், நான் வூட்ல வேலை செஞ்சிகினு இருந்தா எல்லாரையும் உள்ள விடணும். நான் இல்லன்னா ஒருத்தரையும் விடக் கூடாது. அப்பிடி ஒரு நாய் கெடைக்குமா?" என்றார் சரளா.

"ஏம்மா, சம்பளம் வாங்கற வாட்ச்மேனுக்கே இது புரியாது" என்று சிரித்தேன். சிரித்த வாயை அப்போதே தைத்துக்கொண்டிருக்கலாம். தையல்காரர் எதிரில்தான் இருந்தார்.

மேடம் ஊருக்குப் போகும் முன் மூன்று விரலைக் காட்டினார். நானும் மூன்று தடவை போனேன். மூன்றும் பகல் பதினோரு மணிக்கு, மூன்றும் சம்பத்தின் செட்டிலேயே. காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன்: பதினோரு மணிக்குத்தான் அங்கே மசால்வடை வரும்.

மேஸ்திரி அற்புதமாக நடந்துகொண்டான். சம்பத்தைத் தெருமுனைக்கு அனுப்பினேன், கவலையே படவில்லை. தட்டை நகர்த்தினேன், ஒதுங்கி வழிவிட்டான். குடை விரித்தேன், கொட்டாவி விட்டான். ஹெல்மெட் போட்டுக்கொண்டு குறுக்கே நடந்தேன். என் வேலையைப் பார்த்துவிட்டு, திருப்தி இல்லாத முகத்தோடு போனான். நூல் மூட்டைக்காரர், யாசகம் கேட்டு வந்தவர், யார் யாரோ அவனைத் தாண்டிப் போய்வந்தார்கள். மூன்றாம் நாள் கடைசி வடையைத் தின்றுவிட்டு, எண்ணெய்க் கையைத் துடைத்து, நற்சான்றை எழுதினேன்.

சரளா வீட்டுக்குப் போய் இரண்டு நாள் மேஸ்திரி ஒரு மூலையில் படுத்திருந்தான். மூன்றாம் நாள் எழுந்துபோய் கேட்டருகே நின்றான். நின்றவன் நின்றவன்தான். கடிக்கவில்லை, குரைக்கவும் இல்லை. யாராவது கேட்டில் கை வைத்தால் உடம்பு விறைத்து, மேலுதட்டை மட்டும் கொஞ்சம் தூக்கிக் காட்டுவான். முகூர்த்த மாதம். அளவு ரவிக்கையோடு வந்த பெண்கள் சாலையிலேயே நின்று திரும்பிப் போனார்கள்.

போன் வந்தது. "சார், நீங்க குடுத்த சாது ஒரு ஜனத்தையும் உள்ள விடல. ஒரே பேஜாரா கீது. ஜல்தி வாங்க."

போனேன். சரளா பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "நான் பாப்பாவ கூட்டிக்கினு வந்துடறேன். அதுவரைக்கும் வெளியவே இருங்க சார்" என்றார்.

"எனக்கா சொல்றீங்க? என்னையும் அவனையும் நிக்கவெச்சா அண்ணன் தம்பின்னு சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு, அவர் தெரு திரும்பியதும் கேட்டைத் திறந்தேன். மற்றதுதான் உங்களுக்குத் தெரியுமே. தண்ணீர்த் தொட்டி, முக்கால் மணி நேரம். மேஸ்திரி கீழே உட்கார்ந்து, என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சரளா வந்து அவனை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திய பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கொண்டுவந்தார்.

சரளா சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. "என்கிட்ட நல்லாத்தான் சார் இருக்கான். பாப்பா கூடவே சுத்தறான். ஆனா வேலை நின்னுபோச்சே. இந்த மாசம் முடியறவரைக்கும் பின்னாடி ரூம்ல வெச்சி பாக்கறேன். சரிப்படலன்னா குவாரிக்காரருக்கு சொல்லிடுங்க." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குவாரி வாசலையும் சங்கிலியையும் நான் பார்த்திருக்கிறேன். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் உடம்பைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும்.

மறுநாள் மேடம் வந்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார்.

"எப்போ பார்த்தீங்க?"

"மூணு தடவை, மேடம்."

"எப்போ?"

"பதினோரு மணிக்கு."

"மூணுமா?"

"வடை..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டேன்.

"எங்கே?"

"செட்டுல."

"மூணுமா?"

நான் சுவரில் இருந்த கோமாரித் தடுப்பூசி விளம்பரத்தைப் படித்தேன்.

"தறி சத்தம் இருந்துச்சா?"

"எந்தச் சத்தம் மேடம்?" என்றேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். நான் நடிக்கவில்லை. சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை. பன்னிரண்டு தறி ஓடும் கூடத்தில் பேச்சே காதில் விழாது. சைகையில்தான் வடை கேட்டிருக்கிறேன். ஆனாலும் சத்தம் இருந்ததா என்றால் எனக்குத் தெரியவில்லை. நாங்கள் வாழும் தெருக்களில் தறி ஓடுவது மூச்சு ஓடுவது போல. நின்றால்தான் என்ன என்று எட்டிப் பார்ப்போம். வெளியூர்க்காரர் யாராக இருந்தாலும் முதல் நிமிடத்திலேயே காதைப் பொத்தியிருப்பார்.

அப்படியே இருவரும் செட்டுக்குப் போனோம். தறிகளைப் பாதி கழற்றியிருந்தார்கள், ஐந்தாறு ஓடிக்கொண்டிருந்தன. மேடம் வாசலுக்கு வெளியே சம்பத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்: "கரண்ட் போனா நாய் என்ன செய்யும்?"

"கரண்ட் போனா ஆளுங்கல்லாம் டீ குடிக்க போயிடுவாங்க மேடம். இவன் வாசல்ல வந்து நின்னுக்குவான். அப்புறம் எங்க ஆளுங்கள தவிர ஈ, காக்கா உள்ள போவ முடியாது. நூல்காரரு தெனம் வர்ற மனுஷன், அவரையே விட மாட்டான். தறி ஓட ஆரம்பிச்சா போயி படுத்துக்குவான். ஒருவாட்டி கரண்ட் இல்லாதப்போ எவனோ ஒரு கூடை நூல்கண்ட தூக்கிக்கினு போயிட்டான். அதுலருந்து நாங்கதான் பழக்கி வெச்சோம்."

எனக்குக் கோபம் வந்தது. "யோவ், இத ஏன்யா என்கிட்ட சொல்லல?"

"நீ எங்க கேட்ட கம்பவுண்டரே? வடையில காரம் கம்மியா இருக்குதேன்னுதான் கேட்ட."

தறி ஓடினால் ஆள் இருக்கிறார்கள், யாரும் வரலாம். தறி நின்றால் ஆள் இல்லை, யாரும் வரக் கூடாது. மேஸ்திரிக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான். சரளா வீட்டில் தறியே கிடையாது. பாவம், அவன் கணக்கில் அங்கே பகலும் இரவும் கரண்ட் போயிருந்தது. சட்டப்படி அவன் விடுமுறையே இல்லாமல் டியூட்டி பார்த்திருக்கிறான்.

என் செல்போனில் தறிச் சத்தத்தை அரை மணி நேரம் பதிவு செய்தேன். கல்யாண மண்டபத்துக்காரர் ஒருவரிடம் ஒரு ஸ்பீக்கர் பெட்டி வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை சரளா வீட்டுக்குப் போனோம். ஸ்பீக்கரைக் கூடத்தில் வைத்துவிட்டு மேஸ்திரியை விடச் சொன்னார் மேடம். அவன் நேரே கேட்டுக்குப் போய் நின்றான். வெளியே முக்காலியில் மேடம், அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் தப்பி ஓடுவதற்கு நான் முன்கூட்டியே பார்த்துவைத்த வழி.

மேடம் கையை அசைத்தார். சரளா போனை அழுத்தினார்.

டடக் டடக் டடக் என்று வீடே தறியாகிவிட்டது. மேஸ்திரியின் காது திரும்பியது. கேட்டைப் பார்த்தான், கூடத்தைப் பார்த்தான். உடம்பு முழுக்க ஓர் உதறு உதறினான். அந்த உதறலில் அவன் தோளில் இருந்த டியூட்டி கீழே விழுந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். வாலைத் தளர்த்திக்கொண்டு உள்ளே போய், தையல் மெஷின் பக்கத்தில் சரளாவின் வேலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, படுத்துக் கொட்டாவி விட்டான். மேடம் எழுந்து, கேட்டைத் திறந்து, சொந்த வீட்டுக்குப் போவதுபோல உள்ளே போனார். நான் தெருவிலேயே இரண்டு குதி குதித்தேன். முழங்கால் வலி அப்போதும் ஞாபகம் வரவில்லை.

சரளா காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்: "அப்ப தெனம் இத போட்டுக்கினு நான் எப்பிடிங்க மேடம் தைக்கறது? மண்டை பொளந்துடும்!"

மேடம் தையல் மெஷினைக் காட்டினார். "இதுவும் ஓடுதுல்லா?"

மூன்று வாரம் நடந்தது அந்த வேலை. முதல் இரண்டு நாள் தறிச் சத்தம் முழு அளவில், கூடவே மெஷின். பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை தறியை ஒரு புள்ளி குறைக்க வேண்டும். மெஷின் ஓடும்போது மட்டும் கேட்டில் ஆள் வர வேண்டும். மேஸ்திரி படுத்தே இருந்தால் சரளா கையால் ஒரு துண்டு ரொட்டி. மெஷின் நின்றால் ரொட்டியும் இல்லை, வருகையும் இல்லை. உடம்பு விறைத்தால் அன்றைக்கு அதோடு சரி. மறுநாள் ஒரு புள்ளி கூட்டி மறுபடி.

வருகிற ஆள் நான்தான். ஒரு நாள் குடையோடு, ஒரு நாள் சாக்கு மூட்டையோடு, ஒரு நாள் என் மனைவியின் அளவு ரவிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு. கடைசியாகச் சொன்னது வினையாகிவிட்டது. சரளா நிஜமாகவே ஆறு ரவிக்கை தைத்து வைத்துவிட்டார். என் மனைவி இன்றைக்கும் மேஸ்திரியைப் பற்றி உயர்வாகப் பேசுவது அதனால்தான். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் இரண்டாம் நாளே வேலி ஓரம் வந்தார்: "ஏங்க, இங்க தறி போடப் போறீங்களா? நான் சத்தம் வேணாம்னுதான் ஊர வுட்டு இங்க வந்து வூடு கட்டினேன்!" அவரைச் சமாதானப்படுத்த மேஸ்திரிக்கு ஆனதைவிட அதிக ரொட்டி ஆனது.

பதினேழாம் நாள் ஸ்பீக்கரை அணைத்தேன். தையல் மெஷின் மட்டும் ஓடியது. நான் கேட்டைத் திறந்தேன். மேஸ்திரி தலையைத் தூக்கினான். மெஷினைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தலையைக் கீழே வைத்துக்கொண்டான்.

மாதக் கடைசி நாள் மேடமும் நானும் முடிவு கேட்கப் போனோம். அன்றைக்கென்று ஒரு கல்யாண வீட்டிலிருந்து எட்டுப் பெண்கள், இரண்டு குழந்தைகள், கை நிறையப் புடவைப் பைகளோடு வந்தார்கள். சரளா மெஷினை ஓட்டிக்கொண்டே "வாங்க, வாங்க" என்றார். அத்தனை பேரும் மேஸ்திரியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒரு குழந்தை வால் பக்கம் குனிந்தது. சரளாவின் மகள் அதன் கையைப் பிடித்து நிறுத்தினாள். மேஸ்திரி எழுந்து, குழந்தைக்கு எட்டாத இடமாகப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

அவர்கள் அளவு கொடுத்துவிட்டுப் போனதும் சரளா மெஷினை நிறுத்தி, புடவைகளை எடுத்துவைக்க உள்ளே போனார். மேஸ்திரி எழுந்தான். கேட்டுக்குப் போய் நின்றான். அந்த நேரம் பார்த்து அறிமுகம் இல்லாத ஓர் ஆள், என்ன வேலையாக வந்தாரோ, கேட் தாழ்ப்பாளில் கை வைத்தார். வைத்த கையைச் சூடுபட்டதுபோல எடுத்துக்கொண்டு, வீட்டு எண் தப்பு என்று தனக்குத்தானே சொல்லியபடி நடையைக் கட்டினார். நானும் மேடமும் கூடத்துக்குள்ளேயே அசையாமல் உட்கார்ந்திருந்தோம். சரளா திரும்பி வந்து மெஷினை ஓட்டியபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மேடம் எழுந்தார். என் பக்கம் திரும்பி, "நல்லது" என்றார். பத்து வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. முக்காலியை எடுத்துக்கொண்டு ஜீப்புக்குப் போய்விட்டார்.

முடிவைக் கேட்டு எழுதிக்கொள்வது என் பொறுப்பு. அப்படியே கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். வெற்றி தலைக்கேறியிருந்தது, நாற்காலியை மெஷின் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். நாய்களின் புத்தியைப் பற்றி, மேஸ்திரியை ஆரம்பத்திலேயே நான் சரியாகக் கணித்ததைப் பற்றி, தொட்டி மேடைமேல் ஏறியதே ஒரு சோதனைதான் என்பதைப் பற்றி எல்லாம் எடுத்துவிட்டேன். சரளா தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தில் பள்ளி விடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்னம்மா சொல்றீங்க, மேஸ்திரி இங்கயே இருக்கட்டுமா, இல்ல குவாரிக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"நாய் இருக்கட்டும், மெஷின நிறுத்தப்போறேன், நீங்க கெளம்புங்க."